பாப்பாவின் கை அளவு

அன்புள்ள குட்டிக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிப் பழகிய கை, இப்போதும் அதையே எழுதிவிட்டது. அடித்துவிட்டு வேறு எழுத மனம் வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். சின்னவளுக்குச் சளி விட்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், பிறகு இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை நீ அழுதுகொண்டே, "அண்ணி, பேட்டர்ன் எல்லாத்தையும் அனுப்பிடுங்க, இங்கயே தைக்க ஒருத்தர் கிடைச்சிருக்காங்க, எனக்கு வேற வழி தெரியல" என்றாய். நான் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை எழுத உட்கார்ந்த பிறகும் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க எழுந்தேன், ஜன்னலைச் சாத்த எழுந்தேன், புழுக்கம் தாங்காமல் சாத்திய ஜன்னலைத் திறக்க எழுந்தேன்.

அந்த பேட்டர்ன் அட்டைகள் உன்னிடம் வந்துவிட்டால் நாம் விற்கும் குழந்தைக் கவுன்களை அங்கேயே வெட்டி அங்கேயே தைத்துவிடலாம். கப்பல் ஏற வேண்டாம், இறக்குமதி வரி கட்ட வேண்டாம். இந்தத் தையல் அறைக்கும் எனக்கும் அதில் வேலை இருக்காது. இதை நீயும் போனில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

உங்கள் ஊர் அரசாங்கம் எங்கள் துணிக்கு வரியை ஏற்றியதிலிருந்து இந்த வீட்டில் காலை விடிவதே பேப்பர் முகத்தில்தான். உன் அண்ணன் விரித்துப் படித்துவிட்டு, ஏறியிருக்கிறது என்கிறார். அடுத்த வாரம், தள்ளிவைத்திருக்கிறார்கள் என்கிறார். நான் ஓடிப்போய், என்னோடு தைக்கும் ஓவர்லாக் அக்காவிடம் "பதறாதீங்க, தள்ளி வச்சிருக்காங்களாம்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பழையபடி ஏற்றிவிடுகிறார்கள். ஓர் அடி அடித்துவிட்டால் அழுதுவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஓங்கிய கையை ஓங்கியபடியே வைத்திருந்தால் மனுஷி எப்படித்தான் ஊசியில் நூல் கோப்பது?

ஓவர்லாக் அக்கா அப்படியேதான் இருக்கிறார். நீ இங்கே இருந்தபோது துணி ஓரம் அடிக்கும் அந்த மெஷினை யாரையும் தொடவிடமாட்டாரே, இப்போது அதன்மேல் யாரும் தும்மக்கூட முடியாது.

கோடைக் கவுன்களை நாங்கள் எவ்வளவு அடித்துப் பிடித்துத் தைத்து அனுப்பினோம் என்பது உனக்குத் தெரியும். வரி ஏறும் தேதிக்கு முன்னால் உங்கள் கரையைத் தொட வேண்டும் என்பதுதான் ஒரே பேச்சு. கப்பலுக்கு அந்த அவசரம் தெரியவில்லை. நடுவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் போய் ஹாயாகப் படுத்துக்கொண்டது. பெட்டிகள் உங்கள் கஸ்டம்ஸ் கிடங்கில் கிடந்ததும், மாப்பிள்ளை தன் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்டி அவற்றை மீட்டதும் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மாப்பிள்ளை வாய்தவறி உன் அண்ணனிடம் சொல்லிவிட்டார். உன் அண்ணன் அதை ஒரு நாள் முழுக்க வாயில் அடக்கி வைத்திருந்து, மறுநாள் பல் தேய்க்கும்போது நுரையோடு சொன்னார். என்னிடம் நீ ஏன்டி மறைத்தாய்?

பெரிய கம்பெனிக்காரர்களுக்கு ஒரு நாட்டில் வரி ஏறினால் பக்கத்து நாட்டில் தைத்துக்கொள்ளலாம். தைப்பவர்களைக் கூப்பிட்டு, விலையில் பாதிச் சுமையை நீ தூக்கு என்று மிரட்டவும் செய்யலாம். நமக்குப் பக்கத்து நாடு என்றால் இந்த அறைக்குப் பக்கத்து அறைதான், அங்கே என் பாப்பா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் மிரட்ட வேண்டுமானால் ஓவர்லாக் அக்காவைத்தான் மிரட்ட வேண்டும். அவர் என்னைத் திருப்பி மிரட்டுவார்.

நீ விலையை ஏற்றிப் பார்த்ததையும் குறை சொல்லவில்லை. "கவுன் ரொம்பப் பிடிக்கும், ஆனா பிள்ளை ஆறு மாசத்துல வளர்ந்துடுவாளே" என்று உன் பழைய வாடிக்கையாளர் ஒருத்தி எழுதினாளாமே. அவள்மேல் கோபப்பட முடியுமா? பிள்ளை வளரத்தானே செய்யும். அதன் பிறகு நீ விலையை இறக்கி, வரியை உன் தலையில் போட்டுக்கொண்டு, நஷ்டத்துக்கு விற்றிருக்கிறாய். அதையும் என்னிடம் சொல்லவில்லை. உன் குரல் சொன்னது.

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. நம் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றித் தரும் கிளியரிங் ஏஜெண்டைப் போய்ப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "பில்லுல பாதி விலை போட்டுடலாம் மேடம், வரியும் பாதியாயிடும். நிறைய பேர் பண்றதுதான்" என்றார். மாட்டினால் நான் மாட்டமாட்டேன், நீ மாட்டுவாய். சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ ஓர் அதிகாரி முன்னால் நிற்பது என் கண்ணுக்குள் வந்துபோனது. வேண்டவே வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். கிளம்பும்போது அவர் இன்னொரு விஷயமும் சொன்னார், அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

இங்கேயே விற்கலாமே என்று பெரிய கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கும் போனேன். முதலாளி கவுனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலைப் பாராட்டினார். பிறகு பாக்கெட்டுக்குள் விரலை விட்டு, "பொம்பளப் பிள்ளை கவுனுக்கு எதுக்கும்மா பாக்கெட்டு, அதான் அம்மா கையில பை இருக்குல்ல. இதை எடுத்துட்டா துணி மிச்சம், விலையும் குறையும்" என்றார். நான் கவுனை வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். உனக்குத் தெரியும், என் வாய் சும்மா இருக்காது.

பாக்கெட்டை எடுத்துவிட்டால் நம் கவுனில் என்ன இருக்கிறது? பாப்பாவுக்கு மூன்று வயது இருக்கும்போது, எங்கேயோ பொறுக்கிய கூழாங்கல்லை வைக்க இடமில்லை என்று அழுதாளே. நீ அவள் கையைத் துணிமேல் விரித்து வைத்துச் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு விரல் தள்ளி வெட்டி, பாக்கெட் வைத்துக் கொடுத்தாய். வேண்டுமென்றே யாரும் ஒரு பிராண்டை ஆரம்பிக்கவில்லை, ஒரு கல்லை வைக்க இடம் தேடினோம். அதன் பிறகு எல்லாவற்றுக்கும் அட்டை வெட்டினோம், பாக்கெட்டுக்கு மட்டும் வெட்டவில்லை. வருஷா வருஷம் பாப்பாவின் கையைப் பிரவுன் பேப்பரில் வரைந்து, அந்த வயது அளவுக்கு அந்தக் கை என்று வைத்துக்கொண்டோம். எட்டு வயதோடு நம் அளவுகள் முடிகின்றன. இப்போது அவள் கை என் கையைவிடப் பெரிது. ஆனால் நீ அனுப்பும் போட்டோக்களில் எந்தெந்த வீட்டுப் பிள்ளைகளோ அவளுடைய பழைய கைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது.

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். எழுத ஓடவில்லை. இன்று காலையில் எழுந்ததும் ஆணியில் தொங்கிய அட்டைகளை எல்லாம் கழற்றினேன். ஓவர்லாக் அக்கா உள்ளே வந்து வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அட்டையத் துவைக்கப் போடப் போறீங்களா" என்று கேட்டார். சிரிக்கத்தான் கேட்டார். நான் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போய் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த மெஷின்தான்.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு ஹோட்டலுக்குத் தலையணை உறை தைத்துத் தரும் வேலை வந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் வயிறு கழுவலாம். நாலு நேர்த் தையல், கண்ணை மூடிக்கொண்டு தைக்கலாம். ஓவர்லாக் அக்கா, "தலையணைக்குப் பாக்கெட் வைக்கட்டுமா" என்று என்னிடம் கேட்கிறார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். போன வாரம் முழுக்கக் கோபம்தான். அவளுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேனா என்று பாத்திரங்களை எல்லாம் போட்டு உருட்டினேன். உன் அண்ணன், "தங்கச்சி சொல்றதும் நியாயம், நீ சொல்றதும் நியாயம்" என்றார். இப்படிச் சொல்வதற்கு வீட்டில் ஓர் ஆள் எதற்கு என்று அவருக்கும் விழுந்தது. பிறகு நீ சின்னவளைத் தூங்கவைத்துவிட்டு, வேலைக்கும் போய்வந்து, சந்தையில் மழையில் நனைந்துகொண்டு கவுன் மாட்டிய கம்பியைப் பிடித்தபடி நிற்கும் போட்டோவைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் சம்பளம் ஞாபகம் வந்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நாம் தொழில் ஆரம்பித்தபோது சொந்தபந்தம் எல்லாம், "அண்ணியும் நாத்தனாரும் கூட்டு வியாபாரமா, கத்தரிக்கோலை ஒளிச்சு வைங்க" என்று சிரித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் வாயடைத்துப் போகும்படி இத்தனை வருஷம் ஓட்டினோம். நாம் ஒரு நாளும் அந்தக் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

என் பயம் வேறு, குட்டி. இத்தனை நாளும் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் கழுத்துப் பட்டி, பொத்தான், எந்த நிறம் விற்றது என்றுதான் பேசினோம். அதற்கு நடுவில்தான் உன் காய்ச்சலும் என் முதுகுவலியும் வந்துபோயின. கவுன் இல்லாவிட்டால் நீ எதற்காக எனக்கு போன் செய்வாய்?

அட்டைகள் எல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை, எண்ணிப் பார்க்காதே. உன் தையல்காரியிடம் சொல், கழுத்துப் பட்டியைக் குறுக்கு வாட்டத்தில் வெட்டட்டும், அவசரத்தில் நேராக வெட்டினால் பிள்ளைக்குத் தலை நுழையாது. பாக்கெட் வாயில் இரட்டைத் தையல் போடட்டும். எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் அதற்குள் கல்லைத்தான் போடும்.

பாப்பாவின் கை வரைந்த தாள்களை மட்டும் வைக்கவில்லை. வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். பாப்பா பார்த்துவிட்டு, "அது என் கைம்மா" என்றாள். எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டிலேயே இப்போது ஒரு கை இருக்கிறது. சின்னவள் தூங்கும்போது வரைந்துகொள். முழித்திருந்தால் பென்சிலைப் பிடுங்குவாள், பாப்பாவும் அப்படித்தான்.

வரையும்போது இரண்டாக வரை. ஒன்று உன் தையல்காரிக்கு. இன்னொன்றை மடிக்காமல் எனக்கு அனுப்பு. ஏஜெண்ட் கிளம்பும்போது சொன்னது இதுதான்: விற்க இல்லாமல், சொந்தக்காரப் பிள்ளைக்கு என்று ஒரே ஒரு கவுன் அனுப்பினால் அதற்கு வரி கிடையாதாம். "அதுல உங்களுக்கு என்ன மேடம் லாபம்" என்று சிரித்தார். அவருக்கு எங்கே தெரியப்போகிறது. என் மருமகள் சின்னவளை நான் இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறேன். திரையில் கையின் அளவு தெரிவதில்லை.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். அங்கே தைக்கும் கவுன்கள் நன்றாக விற்க வேண்டும், இதை மனதாரத்தான் எழுதுகிறேன். சின்னவள் நோய்நொடி இல்லாமல் மளமளவென்று வளரட்டும். அவள் கை வளர வளர, வரைந்து அனுப்பிக்கொண்டே இரு.

உன்
அண்ணி