பட்டாபி குடியை விட்ட செய்தி

கேளம்பாக்கம் உப்பளம்,
12-6-1954

சௌபாக்கியவதி அகிலாண்டத்துக்கு,

நான் சௌக்கியம். உன் உடம்பும் குழந்தையின் பல் முளைக்கிற ஜுரமும் எப்படி? அப்பா அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

கோபித்துக்கொண்டு போகும்போது நீ சொன்னாயே, குடியை விட நினைக்கிறவர்கள் கூடும் கூட்டம், அதை விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டேன். ஞாயிறு சாயங்காலம் திருவிடந்தை சவுக்குத்தோப்பில் நடக்கிறது. மதுவிலக்குக் காலமாயிற்றே, குடித்தேன் என்று வாயைத் திறந்தால் ஜெயில். அதனால் அங்கே ஒருவரும் குடிகாரர் இல்லை. ஒருவர் சித்தப்பாவுக்காக வந்திருக்கிறார், இன்னொருவர் சகலைக்காக.

முதல் நாளே ஒரு போலீஸ்காரர் உடுப்போடு வந்து நின்றார். நாங்கள் எழுந்து ஓடப் பார்த்தோம். அவரோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து உட்கார்ந்து, "எனுக்கு ஒரு அண்ணாத்த கீறாரு. இன்னா சொன்னாலும் குடிய வுட மாட்டேன்றாரு" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

அடுத்தது நான். பதற்றத்தில் உன் தம்பி பெயர்தான் வாயில் வந்தது. காபிகூடக் குடிக்காத பிள்ளை, பாவம். இப்போது கடைத்தெருவில் பார்த்தாலும் அந்தப் போலீஸ்காரர், "பட்டாபி எப்படிக் கீறான்?" என்று உரக்க விசாரிக்கிறார்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. தலையணை உறை இரண்டு அனுப்பு. எனக்கு ஒன்றே போதும், இருந்தாலும் இரண்டாகவே அனுப்பு.

தபால்காரர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். பட்டாபி ஒரு மாதமாகத் தொடவில்லை. அவன் அக்கா இனி தைரியமாகத் திரும்பி வரலாம் என்று போலீஸே சொல்லிவிட்டது.

உன்,
வேதமூர்த்தி