பத்து நாளாய் நூற்றிருபது

அம்மாவுக்கு வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது? முக்கிய அறிவிப்பு: ஆம்பூர் ஷூ கம்பெனி விடுதியில் உன் மகன் கோதண்டபாணி இரண்டு வாரம் கழித்து இன்று தலை சீவினான்.

ஊரடங்கில் சும்மா படுத்திருப்பது ஷிப்டைவிடப் பேஜார். நேற்று ஷிப்ட் பழக்கத்தில் காலை ஏழரைக்கே இன்சுலின் போட்டுவிட்டேன். சாப்பாடு பத்துக்குத்தான் வந்தது. அதற்குள் வியர்த்து, கை நடுங்கியது. அறைத்தோழன் அஸ்பாக் நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தை என் வாயில் திணித்து, "இன்னாடா, என்னவிட ஜாஸ்தியா நோன்பு இருக்கிற?" என்றான். இப்போது நலம்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் நம்ம நெமிலி காய்கறி வண்டியிலேயே சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் அனுப்பு. உன் பழைய புடவை ஒன்றும் வை, தலையணைக்குச் சுற்ற.

வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். போனில் தினமும் "சுகர் நூத்தியிருபதுதாம்மா" என்று பீற்றினேனே, ஸ்ட்ரிப் தீர்ந்து பத்து நாளாகிறது. அதன்பின் சொன்னது அத்தனையும் நானே இட்டுக்கட்டிய நம்பர்.