அத்தை தொட்ட அடுப்பு

வெஸ்னா,

குமானோவோ பஸ்ஸில் உன் அம்மா பத்து மணிக்கு வந்துவிடுவார். குடைமிளகாய் மூட்டை பால்கனியில் இருக்கிறது. புது மின் அடுப்பில் சுட முடியாது. பழைய தகர அடுப்பைக் கழுவி வைத்திருக்கிறேன்.

அடுப்பை அவர் கெடுக்கவில்லை. கம்பெனியிலிருந்து நேற்று பதில் வந்தது. மிளகாய் சுடும் வசதி என்று விளம்பரம் செய்து விற்றவர்களே போன மாதம் அடுப்புக்கு அனுப்பிய அப்டேட்டில் அதை எடுத்துவிட்டார்களாம். போனில் சம்மதம் கேட்டபோது படிக்காமல் அழுத்தியவன் நான்.

"உங்க கை பட்டா எதுவும் உருப்படாது அத்தை" என்று, போன தடவை அவர் மிளகாய் வைத்து அடுப்பு சுடாமல் போன அன்று, உன் தங்கைகள் முன்னால் சொன்னேனே.

நீ சொல்லிவிடாதே. சாயங்காலம் நானே சொல்கிறேன்.

டிராய்கோ

பி.கு.: அன்று கிளம்பும்முன், "பாத்ரூம் லைட்டப் போடலாமா மாப்பிள?" என்று கேட்டார். நானும், "ம், போடுங்க" என்றேன்.