மூன்றாவது மாடியில் கஸ்தூரி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். சமுதாயக் கூடத்தில் புது வீடுகளுக்குக் குலுக்கல். பெங்களூரு மர்பி டவுன் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளை இடித்துக் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பு. இதற்காகச் சட்டசபையில் நான் கத்தாத கத்தல் இல்லை. தொகுதியில் உருப்படியாகச் செய்தது என்றால் இதுதான்.

கீழ்த்தள வீடுகள் வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும். கேட்டவர்கள் அதிகம், வீடுகள் குறைவு. அதனால் அதற்கும் சீட்டு. பிளாஸ்டிக் குடத்துக்குள் கைவிட்டு ஒரு சின்னப் பெண் எடுத்தாள்.

கஸ்தூரிக்குக் கீழ்த்தளச் சீட்டு விழவில்லை. மூன்றாவது மாடி.

கஸ்தூரி, ஆட்டோ ஓட்டும் அன்பழகனின் மனைவி. என் முதல் தேர்தலில் சந்து சந்தாக என்னோடு நடந்தவள். யார் வீட்டில் என்ன பிரச்சினை என்று வாசலுக்குப் போகுமுன் காதில் சொல்லிவிடுவாள். சர்க்கரை வியாதியில் போன வருடம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் முதலில் தோன்றியது: என்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

ஜூலை 9, புதன்

காலை, வீட்டு வாசலில் வழக்கமான கூட்டம். தெருவிளக்கு. ரேஷன் கார்டில் பெயர். ஸ்கூல் சீட் இரண்டு. ஒரு மாமியார் மருமகள் சண்டை, இருவரும் ஒரே ஆட்டோவில் வந்திருந்தார்கள். கடைசியில் அன்பழகன். உட்காரவில்லை.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்க. கீழ மாத்திக் குடுத்துருவாங்க."

"எல்லார் முன்னாடியும் எடுத்த சீட்டு, அன்பு. உனக்கு மாத்தினா நாளைக்கு வாசல்ல ஊரே நிக்கும். கட்சிக்காரனுக்கு மட்டும் செய்றாங்கன்னு பேசுவாங்க."

"அவளால படி ஏற முடியாதுக்கா."

"அதான் லிஃப்ட் வருதே."

தலையாட்டினான். காபி வேண்டாமென்று போய்விட்டான். சங்கடமாக இருந்தது. ஆனால் சரியாகத்தான் பேசினேன் என்றும் இருந்தது.

ஜூலை 14, திங்கள்

குடியேற்றம். ரிப்பன், போட்டோ, கேசரி. லிஃப்ட் பெட்டி நிற்கிறது, கரண்ட் இணைப்பு வரவில்லை. காண்ட்ராக்டர், "அடுத்த வாரம் மேடம்." போன வாரமும் அதேதான் சொன்னார்.

கஸ்தூரியை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிப் போனார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க இறக்கினார்கள். புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். கீழிருந்து மாலையும் கழுத்துமாக நான் ஏறி வருவதைப் பார்த்துவிட்டாள்.

"மேல காத்து நல்லா வருமாம் அக்கா."

என் சங்கடத்தைத் தீர்க்கத்தான் சொன்னாள்.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். போர்வைகள் துவைத்தாயிற்று. மதியம் அன்பு, கூடவே ஸ்டெல்லா. ஸ்டெல்லாவின் அம்மாவுக்காகக் கீழ்வீடு கிடைத்திருந்தது. அம்மா இப்போது ஒசூரில் மகன் வீட்டுக்கே போய்விட்டார்.

"எனக்கு மேல இருந்தா என்ன மேடம், ஏறிடுவேன். கஸ்தூரி அக்காவுக்குக் குடுத்துடுங்க."

இரண்டு பேருக்கும் சம்மதம். இலாகா ஒப்புதல்தான் வேண்டும். பேசுகிறேன் என்றேன். அன்பு முகத்தில் அப்படியொரு தெளிச்சி. "அக்கா பேசினா முடிஞ்சுது," என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிக்கொண்டே இறங்கினான்.

ஜூலை 23, புதன்

வீட்டு வசதி அதிகாரியைப் பார்த்தேன். நல்ல மனிதர்தான். "ஒப்பரிகெ மாடிதரெ நாளெ எல்லாரு பர்த்தாரெ, மேடம்." ஒருவருக்குச் செய்தால் நாளைக்கு எல்லோரும் வருவார்களாம். அன்புவிடம் நான் சொன்னதே கன்னடத்தில் திரும்பி வந்தது. கூட்டத்தொடர் முடியட்டும், பார்க்கலாம் என்றார்.

சரி என்றேன். மேஜையைத் தட்டியிருக்கலாம். மற்ற எத்தனையோ விஷயத்துக்குத் தட்டியிருக்கிறேன்.

ஜூலை 31, வியாழன்

சட்டசபை. ஏழைகள் வீட்டு வசதி பற்றிப் பேசினேன். எதிர்வரிசையிலும் மேஜை தட்டினார்கள். அந்த நேரத்தில் அன்புவிடமிருந்து இரண்டு முறை போன். சத்தம் அணைத்து வைத்திருந்தேன். சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சவாரியில் இருப்பான் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கஸ்தூரி ஆஸ்பத்திரியில். என் உதவியாளர் நாகராஜ் காலையில் சொன்னதும் ஓடினேன்.

இருக்கிற வலது காலிலும் புண். ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். குடியேறுமுன் இருந்த வாடகை வீட்டில், அன்பு வாசலிலேயே ஆட்டோவில் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தான். மாடிக்குப் போனபின் பல நாள் போகவே முடியவில்லை. புண் கறுத்துவிட்டது. நேற்று இரண்டு விரல்களை எடுத்திருக்கிறார்கள்.

வராந்தாவில் அன்பு. சத்தம் போடவில்லை.

"தூக்க ஆள் கிடைக்கல மேடம். காலைல எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க. சாயங்காலம் போனா கட்டுப் போடற ரூம் மூடிடறாங்க."

மேடம். இத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து கேட்டதில்லை.

கஸ்தூரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்ன பண்ணுவீங்கக்கா. ரூல்ஸ்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அதிகாரிக்கு ஒரு போன். இன்றே வேண்டும் என்றேன், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் மாற்று உத்தரவு கைக்கு வந்தது. இவ்வளவு சுலபம் என்று தெரிந்ததும் அந்தத் தாளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நாகராஜிடம் கொடுத்தனுப்பினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை விட்டு விட்டு. கஸ்தூரியை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கீழ்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஸ்டெல்லா தன் பீரோவை மேலே ஏற்ற ஆள் பிடித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அன்பு மாடியிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தான். பாத்திரக் கூடையை நான் தூக்கப் போனேன்.

"இருக்கட்டும் மேடம்." மரியாதையாக வாங்கிக்கொண்டான்.

உட்காரச் சொல்ல கஸ்தூரி வாய் திறக்குமுன் கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வாசலில் நல்ல கூட்டம். வீடு மாற்றிக் கேட்டு வருபவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலை யோசித்து வைத்திருந்தேன். சாக்கடை அடைப்பு வந்தது. முதியோர் பென்ஷன். மரக்கிளை வெட்ட வேண்டும். கல்யாணப் பத்திரிகை ஒன்று. பாதிக் கூட்டம் போனபின் நாகராஜிடம் கேட்டேன், வீடு மாற்ற யாராவது வந்தார்களா என்று.

"யாரும் இல்ல மேடம். அந்தம்மாவுக்குக் கீழ குடுத்தது சரிதான்னு பேசிக்கறாங்க."

கொஞ்சம் தயங்கினார்.

"ஏன் மொதல்லயே குடுக்கலன்னுதான் கேக்கறாங்க."

அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொன்னேன்.