மின்னலுக்கு விலை இறங்குகிறது

புதன்

அன்புள்ள அண்ணா,

ரேஸ் வாரம் வந்தால் உன்னைப் போன்ற குதிரைச் சவாரிக்காரர்களின் போனைப் பிடுங்கி வைத்துவிடுவதால் லாயத்துக்குப் புல் ஏற்றி வரும் வண்டிக்காரர்தான் நமக்குத் தபால்காரர். கடிதத்தில் புல் வாசம் அடித்தால் குதிரைக்குப் போட்டுவிடாதே.

அப்பா நேற்றும் பாடம் எடுத்தார். "அந்தக் காலத்துல ஆளாளுக்குக் கத்திப் பந்தயம் பிடிப்பாங்க, ஏமாத்துவாங்க. இப்ப மொத்தக் கூட்டத்தோட பணத்தையும் மெஷின் கூட்டி, எந்தக் குதிரை ஜெயிச்சா ஒண்ணுக்கு எத்தனைன்னு பலகையில விலை போடுது. ஒரு குதிரைமேல பணம் குவியக் குவிய அதோட விலை இறங்கும். திடீர்னு இறங்குச்சுன்னா உள்விஷயம் தெரிஞ்சவன் போட்டுட்டான்னு அர்த்தம். குதிரையைப் பாக்காத, பலகையைப் பாரு."

அந்தப் பலகைக்கே நான் பாடம் எடுக்கப் போகிறேன். சலூன்காரரிடம், "சனிக்கிழமை மின்னல்தான், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். இனி ஊருக்கே தெரியும். மின்னல் என்று பேர், இடி விழுந்தாலும் நகராத குதிரை. அப்பா வழக்கம்போலக் கொஞ்சம் போட்டுத் தோற்பார், பலகைப் பைத்தியம் தெளியும்.

உன்
வாலு

வியாழன்

வாலு,

சிரிப்பு வரவில்லை. மின்னல்மேல் ஏறுகிறவனை நேற்று மாற்றிவிட்டார்கள். நான்தான் ஏறுகிறேன். நீ சவாரிக்காரன் தங்கச்சி என்பதால்தான் சலூன்காரர் நம்பியிருக்கிறார். விலை சரிந்து, அப்பாவும் அதில் பணம் கட்டியிருந்தால், விசாரணையில் முதலில் என் லைசென்ஸைத்தான் கேட்பார்கள். போதாததற்கு அதன் முன்னங்காலில் சூடு இருக்கிறது, உள்ளே அடிபட்டிருந்தால்தான் அப்படிச் சுடும். பயிற்சியாளரிடம் சொன்னால், "கடைசியா வர்றதுக்குக் கால் எதுக்குடா" என்கிறார்.

அப்பாவிடம் உண்மையைச் சொல். இன்றே.

அண்ணன்

வெள்ளி, மாலை

அண்ணா,

சொன்னேன். நம்பவில்லை. பலகையில் மின்னலுக்கு ஒன்றுக்கு முப்பது இருந்தது, இப்போது ஒன்றுக்கு ஐந்து. "மறைக்கச் சொல்லி அண்ணன் அனுப்பினானா தங்கம்? நீ பொய் சொல்லுவ, பலகை சொல்லாது" என்று கன்னத்தைத் தட்டினார். அம்மாவின் தையல் மெஷின் இருந்த இடத்தில் அதன் கால் தடம்தான் இருக்கிறது. அடகு வைத்து, முழுவதையும் மின்னல்மேல் கட்டிவிட்டார். அம்மா அதே நாற்காலியில் உட்கார்ந்து கையால் பட்டன் தைக்கிறாள்.

நீ ஜெயித்தால் லைசென்ஸ் போகும், தோற்றால் மெஷின் போகும். நான் என்ன செய்யட்டும்?

வாலு

சனி, காலை

வாலு,

ரேஸ் கிளப்பின் குதிரை மருத்துவரைக் கூட்டிவந்து காலைத் தொட்டுப் பார்க்க வைத்தேன். ரேஸிலிருந்து விலக்கிவிட்டார், மின்னல் இன்று ஓடாது. விலக்கிய குதிரைமேல் கட்டிய பணத்தை, சீட்டைக் காட்டினால் கவுண்டரில் அப்படியே திருப்பித் தருவார்கள். அதற்குப் பக்கத்திலேயே அடுத்த ரேஸுக்குப் பணம் கட்டும் வரிசை நிற்கும். அப்பாவின் கையை விடாதே.

இனி என் குதிரைமேல் ஏறாதே என்று பயிற்சியாளர் என் சேணத்தை வெளியே தூக்கி வைத்துவிட்டார். அதை அப்புறம் பேசலாம்.

அண்ணன்

சனி, மாலை

அண்ணா,

பணம் வந்தது. வாங்கியதும் அப்பா சிரித்தார். "பாத்தியா, ஜெயிக்கப் போறது தெரிஞ்சு எவனோ விலக்கிட்டான். பலகை பொய் சொல்லல." என்னையும் இழுத்துக்கொண்டு அடுத்த வரிசையில் போய் நின்றார்.

"எவனோ இல்லப்பா. அண்ணன். அவன் சேணம் இப்ப லாயத்துக்கு வெளிய கிடக்கு" என்றேன்.

அவர் பிடி தளர்ந்தது. பின்னால் நின்றவர், "போறீங்களா இல்லையா?" என்றார். அப்பா வரிசையை விட்டு விலகினார். பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "அந்தக் குதிரைக்குக் கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு குதிரையைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

அதை நீதான் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு ரேஸ் பாக்கி இருக்கிறது. பணம் அவர் சட்டைப்பையில். புல் வண்டிக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார். சீக்கிரம் எழுது.

உன் தங்கை