என் போனில் இல்லாத பொத்தான்

அன்புள்ள வாலுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முட்டிவலியைத் தவிர எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று உன் வாய் சொல்கிறது, குரல்தான் சொல்ல மாட்டேன் என்கிறது.

நேற்று போனில், "எல்லாரும் கருத்து எழுதிட்டாங்க, நீ மட்டும் ஒரு வார்த்தை எழுதலையேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அப்போதிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்தியின் தையல்கடைக்காக நீ இணையத்தில் செய்த பக்கம், நீ சொந்தமாகச் செய்த முதல் பக்கம், அதை நான் பார்க்காமல் இருப்பேனா. சித்தி, "இது என் கடைதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்று தெருவெல்லாம் காட்டிவிட்டாள். அப்பா வழக்கம்போல ஒரே வார்த்தை, சூப்பர். அவர் மேலே இருக்கும் படத்தைத் தாண்டிக் கீழே போகவே இல்லை, எனக்குத் தெரியாதா. நான் அடிவரை போய்க் கருத்துப் பெட்டியில் திரும்பத் திரும்ப எழுதினேன், அதை அனுப்பும் பொத்தான்தான் அகப்படவில்லை. கண்ணாடி போட்டும் தெரியாத என் கண்ணின் லட்சணம் என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன்.

இன்று காலை மருந்துக்கடை அக்காவிடம் காட்டினேன். அவரும் என்னைப்போலப் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர், அவருக்கும் பொத்தான் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தால் பொத்தான் பளிச்சென்று இருக்கிறது. எழுத்து பெரிதானால் அது கருத்துப் பெட்டிக்குக் கீழே நீ போட்டிருக்கும் துணிப் படத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது போல. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாழக்கிழமை உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருப்பவர்களிடம் இதைத்தானே காட்டப்போகிறாய், இருந்த வேலையையும் விட்டுவிட்டு இதைப் படித்தவளாயிற்றே. என் கண்ணைப்போல ஒரு கண் அங்கே எதிரில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வாய். உன்னைப் பாராட்டியவர்கள் எல்லாம் பொத்தான் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் உனக்கு எப்படிச் சொல்வார்கள். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதி, இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பும்படி அப்பாவிடம் சொல்கிறேன்.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. நீ நினைத்தது நல்லபடியாக அமையும், என் ஆசி எப்போதும் உண்டு. உன் போனிலும் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க மறந்துவிடாதே. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டியில் நான் எழுதியது இதுதான்: "அழகா இருக்குடி. நீ சாப்பிட்டியா?"

இப்படிக்கு,
இன்னும் பதில் வராத
உன் அம்மா