மிளகு வந்த பிறகு

ஜூன் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதால் எழுதுகிறேன்.

பாப்பாவின் வலது அக்குளில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. தொட்டால், "அம்மா, கை வைக்காதே!" என்று அலறுகிறாள். காய்ச்சலும் விட்டு விட்டு வருகிறது. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "வெட்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம்மா. எதுவா இருந்தாலும் தெரிஞ்சுடும்" என்றார். அந்த 'எதுவா இருந்தாலும்' நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. இருபதாம் தேதி ஆபரேஷன்.

கீழ்வீட்டில் அண்ணனுக்கும் உடம்பு சரியில்லை. போன மாதம் நீங்கள் வாசலோடு கொடுத்துவிட்டுப் போன பூனைக்குட்டி மட்டும் ஜோராக இருக்கிறது. மிளகு என்று பெயர் வைத்திருக்கிறாள்.

பாப்பாவின் அம்மா


ஜூன் 6

டீச்சருக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பாப்பாவின் வலது கையில் எங்காவது கீறல் இருக்கிறதா? பக்கத்தில் சின்னச் சிவப்புக் கொப்புளம்?

நான் டாக்டர் இல்லை. எந்த ஊரில் யாருக்கு என்ன நோய் என்று சுகாதாரத் துறைக்காகக் கூட்டிக் கழிப்பவன். அந்தக் கணக்கில் பூனைக் கீறல் நோய் என்று ஒன்று உண்டு. கிருமி பூனையின் ரத்தத்தில் இருக்கும். பூனையைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஒரு பூனையிடமிருந்து இன்னொன்றுக்குத் தெள்ளுப்பூச்சி கடத்துகிறது. தெள்ளின் எச்சம் நகத்தில் ஒட்டியிருக்க, அந்த நகம் நம்மைக் கீறினால் நமக்கும் வரும். குட்டிப் பூனைகளிடம்தான் அதிகம். மாட்டுவதும் அவற்றோடு கட்டிப் புரளும் சின்னப் பிள்ளைகள்தான். முக்கால்வாசிப் பேருக்குத் தானாக அடங்கிவிடும். டாக்டரிடமே போகமாட்டார்கள், என் கணக்கிலும் ஏறமாட்டார்கள்.

வெட்டுவதற்கு முன்னால் இதற்கான ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரைக் கேள். அந்த நோய் இல்லையென்று வந்தால் அவர் சொல்கிறபடி செய். என் ஆர்வத்துக்காகப் பிள்ளையைத் தாமதப்படுத்த வேண்டாம்.

மிளகுக்குத் தெள்ளு இருக்கிறதா? உன் வகுப்பில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

பாப்பாவின் அப்பா


ஜூன் 15

பாப்பாவின் அப்பாவுக்கு,

கீறல் இருந்தது, கட்டைவிரலுக்குக் கீழே. கொப்புளம் காய்ந்து பொருக்காகியிருந்தது. டாக்டரிடம் சொன்னேன். "வீட்ல பூனை இருக்கா? முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா." "நீங்க கேக்கவே இல்லையே டாக்டர்." அவரே சிரித்துவிட்டார். பரிசோதனையில் அதுதான் என்று வந்துவிட்டது. ஆபரேஷன் இல்லை. கட்டி கரையச் சில மாதம்கூட ஆகலாமாம். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டு எழுந்து வந்தேன்.

கேள்வி கேட்கும் உங்கள் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. வகுப்பில், "யார் வீட்டில் பூனை?" என்றேன். பாதிப் பேர் கை தூக்கினார்கள். தூக்கிய கையெல்லாம் கீறல். ஆனால் யாருக்கும் ஒன்றுமில்லை. கடைசி பெஞ்சில் 'டமாரம்' என்று எல்லோரும் கூப்பிடும் பையன் கழுத்தில் மட்டும் ஒரு தழும்பு. அவன் அம்மா, "போன வருஷம் கழலைன்னு வெட்டி எடுத்தாங்க டீச்சர். கெட்டது இல்லன்னாங்க, என்னன்னு சொல்லல" என்றாள். அதுவும் இதுதானோ? இத்தனை பேரைக் கீறியும் ஏன் யாரோ ஒருவருக்கு மட்டும்?

மிளகை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். "அது வேணும்னேவா கீறிச்சு?" என்கிறாள் உங்கள் மகள். நீங்கள் கேட்ட தெள்ளு, அதன் உடம்பில் ஏராளம்.

அண்ணனுக்குக் காய்ச்சல் விடவில்லை. உடம்பில் செக்கச் செவேலென்று முண்டு முண்டாகக் கிளம்பியிருக்கிறது. இரண்டு முறை மருந்து மாற்றியாயிற்று.

பாப்பாவின் அம்மா


ஜூன் 17

டீச்சருக்கு,

போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பாய். தபாலை நம்பாமல் உங்கள் ஊர் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மிளகு உன் அண்ணனிடம் போகிறதா? அவருக்கு மாற்றுச் சிறுநீரகம். உடம்பு அதைத் தள்ளிவிடக் கூடாது என்று எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கிறார்கள். பாப்பாவுக்குக் கட்டியோடு நின்ற அதே கிருமி, அப்படிப்பட்டவர்களின் தோலிலும் ஈரலிலும் இறங்கிவிடும். சிவப்பு முண்டுகள் அதனாலும் வரலாம். விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது. இன்றே அவர் டாக்டரிடம் பூனையைப் பற்றிச் சொல். பூனையைக் கொண்டுவந்து விட்டதற்கு மச்சான் என்மேல் கோபப்படட்டும், பிழைத்து எழுந்து கோபப்படட்டும்.

பாப்பாவின் அப்பா


ஜூலை 24

டீச்சருக்கு,

மச்சான் வீடு திரும்பியதாக பாப்பா எழுதியிருந்தாள். முண்டுகள் வற்றிவிட்டனவா? டமாரத்தின் பழைய ரிப்போர்ட் கிடைத்ததா? மிளகுக்கு நகம் வெட்டுகிறீர்களா?

'ஏன் ஒருவருக்கு மட்டும்' என்று கேட்டாய். எதிர்ப்புச் சக்தி, வயது, கீறிய ஆழம் என்று பாதி தெரியும். மீதி எங்களுக்கும் தெரியாது. ஆனால் நாம் இருவரும் சேர்ந்து ஒன்றை யோசித்து எத்தனை காலமாயிற்று! நான் அங்கேயே திரும்பி வந்துவிடட்டுமா?

பாப்பாவின் அப்பா


ஆகஸ்ட் 2

பாப்பாவின் அப்பாவுக்கு,

அண்ணன் தேறிவிட்டார். தோலில் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் அதுவேதான். மாத்திரை இன்னும் சில மாதம். மிளகு அவர் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்ததாம், எங்களுக்குத் தெரியாமல்! "அந்தக் கணக்குப்பிள்ளையா கண்டுபிடிச்சான்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த தடவை வாசல்ல நிக்க வேணாம்னு சொல்லு" என்றார். மிளகு இப்போது மாடியோடு சரி. தெள்ளு மருந்து போட்டாயிற்று, நகமும் வெட்டியாயிற்று. பாப்பாவின் கட்டி மொச்சை அளவுக்கு இறங்கிவிட்டது. டமாரத்தின் ரிப்போர்ட் தொலைந்துவிட்டதாம்.

இனி நீங்கள் கேட்டதற்கு. பாப்பாவின் கையை விசாரித்தீர்கள். அண்ணனின் தோலை, பூனையின் நகத்தை, முகம் தெரியாத டமாரத்தின் கழுத்தைக்கூட விசாரித்தீர்கள். மிளகைப் பிடித்துத் தெள்ளு எடுக்கிறவள் நான். என் இரண்டு கையும் கீறல். 'உனக்கு எப்படி இருக்கு' என்று ஒரு வரி இல்லை. கூட இருந்த பத்து வருஷமும் இப்படித்தான் போயிற்று.

கோபமாக எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எங்களோடு சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுங்கள். நடுவில் அந்தக் கேள்வியைக் கேட்டால் மற்றதைப் பேசுவோம். சொல்லிக்கொடுத்துக் கேட்க வைப்பது நியாயமில்லைதான். என்ன செய்ய, டீச்சர் புத்தி. பரீட்சைக்கு முன்னால் கேள்வியைச் சொல்லிவிடுவேன்.

டீச்சர்